செவ்வாய்க்கிழமை இங்கிலீஸ்காரி

நவம்பர் 4, செவ்வாய்

காற்று. காலையில் குப்பைத் தொட்டி தானாகவே றோட்டைக் கடந்து எதிர்வீட்டு வேலியில் போய்ச் சாய்ந்து நின்றது. மழை பக்கவாட்டில். டென்மார்க்கின் இந்த மூலையில், ஹொல்ஸ்டெப்ரோவில், மழைக்கு மேலிருந்து கீழே விழுகிற பழக்கம் இல்லை.

செய்ய வேண்டியவை: இலை கூட்டுதல் (காற்று நின்றால்). கம்பளிச் சட்டைகள். பல் டொக்டருக்குப் போன்.

மரக்கறி றோல்ஸ் பொரித்தேன். பாதி எனக்கு, பாதி ரூத்துக்கு. செவ்வாய் பின்னேரம் ரூத் வீட்டுக் கராஜ்.

புது நாட்குறிப்புக் கொப்பி என்பதால் ரூத்தைப் பற்றி முதலில் இருந்து. பக்கத்து வரிசை வீடு. எழுபத்தாறு வயது. முன்பு தபால் கந்தோரில் வேலை. புருஷன் ஸ்வென் சரித்திர வாத்தியார், போன வருடம் செத்துப்போனார். என் புருஷன், எங்கள் இவர், போனதும் அதை ஒட்டித்தான். அதுவரை ரூத்தும் நானும் வருடக்கணக்காக ‘ஹாய்’ மட்டும். ஒருநாள் கதவைத் தட்டி, “உமக்குத் தாயக்கட்டை உருட்டத் தெரியுமோ?” என்று கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவுதான்.

கராஜில் கார் இல்லை. முழு இடத்தையும் அடைத்து ஒரு பெரிய பலகை. ஸ்வென் செய்தது. பிரெஞ்சுக்காரர் தங்கள் ராசாவின் தலையை வெட்டிய நாளில் இருந்து நெப்போலியனைத் தீவுக்கு அனுப்பும் வரை, பிரான்ஸும் இங்கிலாந்தும் பிடித்த சண்டை முழுவதும் அந்தப் பலகையில். விரல் நீளத்தில் ஈயக் கப்பல்கள், நூலில் பாய்மரக் கயிறு. கரையில் சிப்பாய்கள். அளக்க ஓர் அடிமட்டம். காற்றுக்குக் கடதாசி அம்பு ஒன்று. தாயம் விழுகிறபடி அதைத் திருப்ப வேண்டும். இருந்தவரை ஸ்வென்தான் பிரெஞ்சு. ரூத் நாற்பது வருடமும் இங்கிலீஸ். இப்போது ரூத் பிரெஞ்சு, நான் இங்கிலீஸ்.

ரூத் பேசுவது டெனிஸ். இதில் எழுதும்போது அவர் பேச்சு எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் வருகிறது. டெனிஸில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே ‘டு’. நான் அவரை ‘டு’ என்று சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் ‘நீங்கள்’ என்று திருத்திக்கொள்கிறேன். அவருக்கு அது தெரியாது.

இன்றும் தோற்றேன். கப்பலைக் காற்றுக்கு நேரே திருப்பினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும், எதிரி வந்து வசதியாக அடிக்கலாம். நான் திருப்பினேன்.

“காற்று, ராஜி, காற்று! காற்றை மறந்திட்டீர்!”

“ஐயோ” என்றேன்.

ரூத் கை தட்டினார். கன்னம் இரண்டும் சிவந்துபோய். பிறகு கோப்பி, கேக். அந்த மனிசியின் முகத்தில் அந்தச் சிவப்பு வருகிறதே, அதற்காக எத்தனை கப்பலையும் கொடுக்கலாம். எனக்கென்ன, என் அப்பா வீட்டுக் கப்பலா?

வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றும் சத்தம் பெரிதாகக் கேட்டது.


நவம்பர் 6, வியாழன்

வேலை 7–3. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் வரவில்லை, ஆகவே ஓட்டம். ஏழாம் அறை அம்மா இன்றும் பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “நல்லது, கோப்பி குடிக்க நேரமிருக்கு” என்றார்.

பின்னேரம் எங்கள் ஊர்க்காரி வசந்தி போன், ஹேர்னிங்கில் இருந்து. தன் பேத்தி பெரியபிள்ளையான சடங்கு, சாமத்தியவீடு, இருபத்திரண்டாம் திகதி, மண்டபம் எடுத்தாயிற்று. விபரம் எல்லாம் சொல்லிவிட்டு:

“அக்கா, நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறுதலா வாங்கோவன். காலைமை குளிருக்குள்ள ஏன் அலைவான்?”

காலையில்தான் தண்ணீர் வார்ப்பு, ஆரத்தி எல்லாம். விளங்கியது. இவர் இருந்தபோது குளிர் எனக்கு ஒன்றும் செய்யாது. முதல் ஆரத்தியே நான்தான் எடுப்பேன். வசந்தியில் பிழை இல்லை, சம்பந்தி வீட்டாருக்காகச் சொல்கிறாள். அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு குரலைத் தாழ்த்தி:

“செவ்வாய்க்கு செவ்வாய் வெள்ளைக்கார மனிசியோட கராஜுக்குள்ள என்ன செய்யிறியள் எண்டு இஞ்ச ஒரே கதையா இருக்கு.”

“சண்டை பிடிக்கிறம்.”

“என்ன?”

“அவ பிரெஞ்சு. நான் இங்கிலீஸ்.”



“அக்கா, இந்த இருட்டுக்கு வைற்றமின் டி எடுக்கிறனீங்களோ?”


நவம்பர் 9, ஞாயிறு

வெளிச்சம் வந்தது, போனது. இடையில் இலை கூட்டினேன்.

தர்சினி போன். என் ஒரே பிள்ளை, கோபன்ஹேகனில் கணக்காளர். நான் தமிழில் கேட்க, அவள் டெனிஸில் சொல்ல, இருவருக்கும் பழகிப்போய்விட்டது. சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். எப்ப வாறாய்? பார்க்கலாம். பிறகு வழக்கமான கேள்வி, விளையாட்டில் யார் வெல்கிறது என்று.

“ரூத்தான். நான் விட்டுக் குடுக்கிறன்.”

“ஏன்?”

“வயசான மனிசி. புருஷனும் இல்லை. அவவைத் தோக்கடிச்சு எனக்கென்ன வரப்போகுது?”

அம்மா, அது கள்ள விளையாட்டு என்றாள். அவ்வளவு கடுமையான சொல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டு, கோப்பி தந்து, கேக் தந்து, எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய மனிசியை யாராவது வெல்வார்களா? எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை.

இதில் யார் பார்க்கப் போகிறார்கள், எழுதுகிறேன். மரியாதை மட்டும் இல்லை. வென்றுவிட்டால் அடுத்த செவ்வாய் கூப்பிட மாட்டாரோ என்ற பயமும்.


நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. அதிசயம்.

ரூத் நேற்றைய தாரா இறைச்சியில் மிச்சம் பொதி பண்ணித் தந்தார். இங்கே நவம்பரில் ஒருநாள் எல்லோரும் தாரா, வாத்துத்தான், தின்பார்கள். செவ்வாய் எனக்கு மச்சம் இல்லை, மரக்கறிதான். பிறிட்ஜில் வைத்திருக்கிறேன், நாளைக்கு.

கடல் சண்டை முடிந்தது. தோற்றேன். (கப்பல்களைக் கரைக்கு மிகவும் கிட்டக் கொண்டு போனேன். “ஐயோ.”) அடுத்த கட்டம் கோபன்ஹேகன் என்றார் ரூத். டெனிஸ் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்காத பிள்ளை இல்லையாம். எனக்கு அவர் சொன்னபடி:

“எங்களுக்கு ரெண்டு பேரோடயும் பகை இல்லை. எங்களிட்டை நல்ல கப்பல்கள் இருந்தது, அதுதான் பிழை. நெப்போலியன் அதைப் பிடிச்சிடுவான் எண்டு இங்கிலீஸ்காரனுக்குப் பயம். அதால அவன் முந்தி வந்து ஊருக்குள்ள நெருப்புக் குண்டு அடிச்சான். சனம் எரிஞ்சுது. கோயில் கோபுரம் எரிஞ்சுது. பிறகு கப்பலைக் கொண்டுபோனான்.”

இதை அவர் நேற்று நடந்த மாதிரிக் கோபத்தோடு சொன்னார். இருநூறு வருடத்துக்கு மேல். டெனிஸ்காரருக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

நானும் சொன்னேன். யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் இருந்தது. அங்கே ஒல்லாந்தரின் நாட்டைப் பிரெஞ்சுக்காரர் பிடிக்க, இங்கே இங்கிலீஸ்காரர் பயந்து வந்து எங்கள் கோட்டையை எடுத்தார்கள். அதே சண்டை. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்தது. ரூத் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த உலகப் படத்தில் தேடினார். யாழ்ப்பாணம் இருக்க வேண்டிய இடத்தில் படத்தைப் பிடித்த ஆணி.

அந்தக் கோட்டையில் இருந்துதான் பிறகு ஆமி எங்களுக்குச் செல் குண்டு அடித்தது என்பதைச் சொல்லவில்லை. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.


நவம்பர் 18, செவ்வாய்

எல்லாம் போயிற்று.

ஒழுங்காக எழுத வேண்டும். பின்னேரம் வழக்கம்போல் போனேன். பலகையில் கோபன்ஹேகன் அடுக்கியிருந்தார். ஸ்வென் மரத்தில் செதுக்கிய சின்னச் சின்ன வீடுகள், சிவப்புக் கூரை, நடுவில் கோபுரம். துறைமுகத்தில் டெனிஸ் கப்பல்கள், அசையாமல். தெற்கே தரையில் ரூத்தின் பிரெஞ்சுப் படை. கடலில் நான். யார் முதலில் துறைமுகத்தைப் பிடிக்கிறாரோ அவருக்கு அந்தக் கப்பல்கள்.

என் கப்பல்கள் நல்ல இடத்தில் நின்றன. இன்னும் இரண்டு ஆட்டம் போதும், வாசலை அடைத்துவிடலாம். மூன்றையும் காற்றுக்கு நேரே திருப்பினேன்.

“ஐயோ.”

ரூத் கை தட்டவில்லை. தாயக்கட்டையை மேசையில் வைத்தார்.

“எத்தினை கிழமையா இப்பிடிச் செய்யிறீர்?”

“என்னத்தை?”

“இந்தக் காற்றடிக்கிற மேற்கு யூலாண்டில முப்பது வருசத்துக்கு மேல சைக்கிள் ஓடுற ஒருத்தி காற்றை மறக்கிறாவோ?”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

“ராஜி, ஸ்வென்னுக்கு நான் நாற்பது வருசம் இதே வேலை செய்தனான். அவர் தோத்தால் இரவுச் சாப்பாடு முடியுமட்டும் ஒரு சொல் வராது. அதால நான் தோத்தன். ஒவ்வொரு ஞாயிறும். கப்பலை எப்பிடித் திருப்புறது, எந்த நேரம் ஐயோ எண்டுறது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஐயோவைக் கண்டுபிடிச்சதே நான்தான்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். டெனிஸில் மன்னிப்புச் சொல் ஒன்றுதான் இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“என்ர வாழ்க்கையில முதல்தரம் வெல்லுறன் எண்டு நினைச்சன். மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னனான். அவன்ர பிள்ளையளுக்கும் சொன்னனான். எல்லாம் நீர் போட்ட பிச்சை.”

குரலை உயர்த்தவில்லை. ஹீற்றரை நிறுத்தினார். அதில்தான் எனக்குத் தெரிந்தது, இன்றைக்கு முடிந்தது என்று. என் குளிர்ச்சட்டையை எடுத்து நீட்டினார். றோல்ஸ் தட்டு அங்கேயே, மூடிய துணியோடு.


நவம்பர் 19, புதன்

வேலை 7–3. உடம்பெல்லாம் நோ. தாரா இறைச்சி போன கிழமையே முடிந்துவிட்டது, ஆகவே பாணும் சம்பலும்.

ரூத் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இவரும் சிநேகிதர்களும் சனிக்கிழமைகளில் இங்கே முந்நூற்றுநாலு சீட்டு ஆடுவார்கள். கைக்கு ஆள் குறைந்தால், “இஞ்சாரும், ஒருக்கா வாரும்” என்பார் இவர். எனக்குச் சீட்டு நன்றாக வரும், அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்தவள். முதல்தரம் எல்லோரையும் வென்றேன். சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு இவர் ரிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நான் வெல்லவில்லை. அதைப் பெரிய விஷயமாக ஒருநாளும் நினைத்ததும் இல்லை.

ரூத்துக்கு நான் செய்தது மரியாதை என்று நினைத்தேன். ஸ்வென்னை வைத்த இடத்தில் அவரையும் வைத்திருக்கிறேன். கோபம் வராமல் என்ன செய்யும்?

பின்னேரம் கதவைத் திறந்தால் வாசலில் தட்டு. கழுவித் துடைத்து, வெறுமையாக. எங்களில் யாரும் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், ஒரு துண்டு சீனியாவது வைப்பார்கள். டெனிஸ்காரருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. தெரியும். தெரிந்தும் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன்.


நவம்பர் 22, சனி

சாமத்தியவீடு. சொன்னபடி மத்தியானம் போனேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பிள்ளை ஊஞ்சலில், போன் பார்த்தபடி. வீடியோக்காரர் “அன்ரி கொஞ்சம் அங்கால” என்றார், நான் அங்கால. சாப்பாடு பரவாயில்லை. கத்தரிக்காய் நல்லம், பருப்பில் உப்பு இல்லை. என்னோடு மேசையில் இருந்த ரண்டர்ஸில் இருந்து வந்த ஆட்கள், யாருக்கு எங்கே வீடு வாங்கியாயிற்று என்று கதைத்தார்கள். “நீங்கள் தனியவோ?” என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். “மகளோட போய் இருக்கலாமே.” ஓம் என்றேன்.

ஒருவரும் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அன்பு. வசந்தி ஒரு பெட்டி நிறையப் பலகாரம் கட்டித் தந்தாள். கார் பார்க்கில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போய் இதை யாரோடு சாப்பிடுவது என்றுதான் முதல் நினைவே வந்தது.

ரூத் வீட்டுக் குசினியில் வெளிச்சம். கராஜில் இல்லை.


நவம்பர் 25, செவ்வாய்

விடுமுறை நாள். காலையே எழும்பிவிட்டேன். ஒரு வேலையும் இல்லாத செவ்வாய்க்கு எவ்வளவு நீளம்!

செய்தவை: அலுமாரி துடைத்தேன். மசாலாப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டினேன். எனக்கு மட்டுமே தெரிய வேண்டிய பெயர்கள், எதற்கு ஒட்டினேனோ. கடைக்குப் போனேன், பால் வாங்க. வீட்டில் பால் இருந்தது.

கடையில் ரூத். மீன் பக்கத்தில். என்னைக் கண்டு தலையாட்டினார். நானும். “குளிர்” என்றார். “ஓம், குளிர்” என்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த ஒரு சொல்லை வீடு வரைக்கும் கொண்டு வந்தேன்.

தனிமை என்று சொல்ல எனக்கு வெட்கம். முதியோர் இல்லத்தில் நாங்கள் அந்தச் சொல்லைக் கூட்டங்களில் பாவிப்போம், மற்றவர்களைப் பற்றி. இன்று பின்னேரம் கராஜுக்குப் போகும் நேரம் வந்ததும் கால் தானாகச் சப்பாத்துக்குள் போனது. பிறகு கழற்றினேன்.

அழுதேன். எழுதியாயிற்று.


நவம்பர் 30, ஞாயிறு

தர்சினி போன். எல்லாம் சொன்னேன். ‘நான் சொன்னேன்தானே’ என்று அவள் சொல்லவில்லை, அது நல்ல பிள்ளை.

“மன்னிப்புக் கேட்டீங்களா?” இதைத் தமிழில் கேட்டாள்.

“கேட்டனான். கேட்கக் கேட்க அவவுக்குக் கூடக் கோவம்.”

“அப்ப போய் வெல்லுங்கோ, அம்மா.”

“கூப்பிடாமல் எப்பிடிப் போறது? இது டென்மார்க்.”

“நீங்கள் டெனிஸோ?”

நல்ல கேள்வி. குடியுரிமைக் கடதாசி இருக்கிறது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அந்தக் கடதாசி தேவையில்லை. அது நான் ஊரிலேயே பழகியது.


டிசம்பர் 2, செவ்வாய்

காற்று மேற்கில் இருந்து. பெலமாய்.

பின்னேரம் போனேன். றோல்ஸ் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கை. கதவைத் தட்டினேன்.

“என்ன?”

“சண்டைக்கு வந்தனான்.”

 ரூத் சாவியை எடுத்தார்.

கராஜ் ஐஸ் பெட்டி மாதிரி. ஹீற்றரைப் போட்டார். பலகையில் எல்லாம் அன்றைக்கு விட்டபடி. என் மூன்று கப்பல்களும் காற்றுக்கு நேரே, வெட்கமில்லாமல்.

“ஒண்டு சொல்லுறன்,” என்றார் ரூத். “இன்னொருக்கா விட்டுக் குடுத்தீரெண்டால் இந்தக் கதவு பிறகு திறக்காது.”

“சரி.”

“அந்த மூண்டும் அப்பிடியே நிக்கட்டும். திருப்பி வைக்க விடமாட்டன்.”

“வேண்டாம். நிக்கட்டும்.”

ஆடினேன். அண்ணன்மாரோடு ஆடுவது போல, முகத்தில் ஒன்றும் காட்டாமல். காற்று அம்பு திரும்பக் காத்திருந்து இரண்டு கப்பலை மீட்டேன். ஒன்று போயிற்று. ரூத்தின் படை வேகமாக வந்தது, அவரும் நன்றாகத்தான் ஆடுகிறார். நாற்பது வருடம் தோற்கத் தெரிந்தவருக்கு வெல்வது எங்கே என்றும் தெரியும்தானே.  ஒருமுறை அவர், “ஓ, இப்பிடியும் ஆடுவீரோ” என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பிறகு அந்த இடம் வந்தது. பிரெஞ்சுப் படை துறைமுகத்துக்கு ஓர் ஆட்டம் தூரத்தில். வாசலை அடைக்க எனக்கு நேரம் போதாது, துறைமுகக் கதவில் நான் இறக்கிய சிப்பாய்கள் நாலைந்து பேர் மட்டும். ஒரே ஒரு வழி. ஸ்வென்னின் விதி சுவரில் ஒட்டியிருக்கிறது: இங்கிலீஸ்காரர் ஊருக்குள் குண்டு அடிக்கலாம். நாலு கட்டை உருட்ட வேண்டும், ஆறு விழுகிற ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீடு எடுக்க வேண்டும். அரைவாசி வீடு போனால் ஊர் சரணடையும், கப்பல்கள் எனக்கு.

கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“என்ன யோசிக்கிறீர்?”

“ஊருக்கு அடிக்க மனமில்லை.”

“விளையாட்டு, ராஜி.”

“தெரியும். நாங்கள் பங்கருக்குள்ள இருந்தனாங்கள், ரூத். கோட்டையில இருந்து செல் வரும். சத்தம் கேட்டு எண்ணுவம், விழுமட்டும்.” இத்தனை செவ்வாயில் இதை முதல்தரம் சொன்னேன்.

 ரூத் பலகையைப் பார்த்தார். பிறகு மெதுவாக:

“எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் இந்தக் கட்டத்தை வைச்சிருக்க மாட்டன். வேணுமெண்டால் இதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போவம்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனால் நீர் இப்ப அடிக்காட்டி, என்னத்துக்காக அடிக்கேல்லை எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது. ஊருக்காகவோ, எனக்காகவோ” என்றார்.

அவர் சொன்னது சரி. எனக்குமே தெரியாது.

அந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோபுரத்தை. அதற்குப் பக்கத்தில் கூரையில் கீறல் விழுந்த ஒன்றை. கடலோரம் நெருக்கமாக நின்ற மூன்றை. பார்த்துவிட்டு உருட்டினேன்.

இரண்டு ஆறு. ரூத் நாலு வீட்டை எடுத்து நீலப் பிஸ்கற் பேணிக்குள் போட்டார். டக், டக், டக், டக். அவருடைய முறைக்குத் துறைமுகத்துக் கதவில் இருந்த என் ஆட்களை அடித்துப் பார்த்தார், கட்டை சரியாக விழவில்லை. மறுபடி நான். ஓர் ஆறு. மறுபடி அவர், விழவில்லை. மறுபடி நான். மூன்று ஆறு. கோபுரமும் போயிற்று.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பியே பொய். கட்டை நல்லபடி விழ விழ, நெஞ்சுக்குள் சூடாக ஒன்று எழும்பியது. ஊர் மறந்துபோய்விட்டது. அந்தக் கோட்டையில் இருந்து எங்களுக்கு அடித்தவன் எப்படிப்பட்ட மிருகம் என்று இளவயதில் எத்தனை தரம் யோசித்திருக்கிறேன். அவனுக்கும் பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள், சரியாக அடித்தால் முதுகில் தட்ட.

“வென்றிட்டீர்,” என்றார் ரூத்.

கோபம், உண்மையான கோபம். கழுத்து வரை சிவப்பு. ஒரு பிரெஞ்சுச் சிப்பாயை எடுத்து மேசையில் குத்தினார், அதன் தோளில் இருந்த துவக்கு வளைந்துபோயிற்று. எழும்பிப் போய் ஹீற்றரை ஒரு உதை உதைத்தார். இவ்வளவு காலமும் அந்த மனிசி இதை எங்கே வைத்திருந்தாரோ! நான் பயந்து என் குளிர்ச்சட்டையைப் பார்த்தேன்.

“எங்க போறீர்? இரும். அடுத்த செவ்வாய் நான் இங்கிலீஸ். நீர் பிரெஞ்சு. இதே இடம். நான் உம்மைத் துவைச்செடுப்பன்.”

“சரி” என்றேன். 

பேணியைக் கவிழ்த்தார். ஊரைத் திரும்ப அடுக்க வேண்டும். இரண்டு வீட்டை வைத்துவிட்டு நின்றுவிட்டார். ஸ்வென் செய்த படத்தைப் பார்த்துத்தான் வழக்கமாக அடுக்குவாராம், அதை எங்கே வைத்தாரோ நினைவில்லை. நான் வாங்கி வைத்தேன். கோபுரம். கீறல் விழுந்தது அதற்கு இடப்பக்கம். கடலோரத்து மூன்றும் முதுகோடு முதுகாக. சந்தில் திரும்பி நின்ற ஒன்று, கதவு வடக்குப் பார்த்தபடி. ஒன்றுகூடப் பிசகவில்லை. ரூத் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“எப்பிடி உமக்கு இவ்வளவும் தெரியும்?”

“அடிக்க முதல் பாத்தனான்.”

கோப்பி குடித்தோம். கேக் இல்லை, நான் வருவேன் என்று அவர் செய்திருக்கவில்லை. பிஸ்கற்.

வீட்டுக்கு வந்து தர்சினிக்கு ‘வென்றேன்’ என்று அனுப்பினேன். உடனே பதில். பூ, கேக், கிண்ணம், பிறகு திரை முழுவதும் வெடிக்கிற வாணவேடிக்கை. சின்னச் சின்னச் சிவப்பாய் மேலே போய் விரிந்து விழுந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சோறு சூடாக்கினேன், சாப்பிடவில்லை. அடுத்த செவ்வாய் ரூத் இங்கிலீஸ். அவர் அடிப்பார், ஒரு கணமும் யோசிக்க மாட்டார். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து, வீடு ஒவ்வொன்றாகப் பேணிக்குள் விழுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

போவேன்.